சாயத்தண்ணீரை வடிகட்டி மீண்டும் சாயத்துக்கே விடும் திருப்பூர்: பில்டர் தொழில் வளர்ந்தது எப்படி?

திருப்பூர்:-

பனியன் நகரமான திருப்பூரில் சாயப்பட்டறை நடத்த இன்று மூன்று விஷயம் வேண்டும். துணி, சாயம், இதோடு பில்டர். பில்டர் ஓடவில்லை என்றால் பட்டறையும் ஓடக்கூடாது. சாயம் போட்ட தண்ணீரில் ஒரு சொட்டு கூட வெளியே விடக்கூடாது என்பதுதான் இங்கு உத்தரவு.

20, 25 வருடத்துக்கு முன்பு இந்த ஊரில் மெம்பரேன் என்ற வார்த்தை தெரிந்தவர்கள் ரொம்ப குறைவு. இன்றைக்கு மெம்பரேன் கழுவுகிறவர், பில்டர் பிரஸ் ஓட்டுகிறவர், ஆர்.ஓ. ஆபரேட்டர், லேப் டெஸ்ட் எடுப்பவர் என்று ஷிப்டு ஷிப்டாக ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். கழிவுநீரை வடிகட்டுவதே ஒரு தனித் தொழிலாகி விட்டது.

இந்த தொழில் யாரும் ஆசைப்பட்டு வளர்த்தது அல்ல. சாயத்தொழில் மொத்தமும் ஒரு முறை நின்று போன பிறகு, வேறு வழி இல்லாமல் வளர்ந்தது. அது எப்படி வளர்ந்தது, வடிகட்டிய பிறகு மிஞ்சுவது எங்கே போகிறது என்ற விவரம் வருமாறு:-

உப்புதான் வில்லன்

சாயக்கழிவு என்றால் எல்லோர் கண்ணிலும் படுவது கலர்தான். ஆனால் விவசாய நிலத்தை கெடுத்ததில் பெரிய பங்கு கலருக்கு இல்லை. உப்புக்குத்தான்.

பருத்தி துணியில் சாயம் தானாக ஏறாது. தண்ணீரில் கரைந்து இருக்கும் சாயத்தை நூலுக்குள் தள்ள உப்பு போட வேண்டும். சாதா உப்பு போடுவார்கள். அல்லது கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட் போடுவார்கள். ஏறிய சாயம் பிடித்து நிற்க சோடா ஆஷ் வேண்டும்.

லைட் கலருக்கு உப்பு குறைவு. கருப்பு, நேவி புளூ, மெரூன் மாதிரி டார்க் கலர் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம், சில சமயம் அதற்கு மேலும் போகும். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் கூட 480 கிராம் ஆகிறது. அதாவது ஒரு கிலோ துணிக்கு கிட்டத்தட்ட அரை கிலோ உப்பு.

இந்த உப்பு துணியில் தங்குவது கிடையாது. சாயத்தை உள்ளே தள்ளி விட்டு, அப்படியே தண்ணீரோடு வெளியே வந்து விடும். அதன் பிறகு துணியை சோப்பு போட்டு பல தடவை அலசுவார்கள். அந்த தண்ணீரும் இதோடு சேரும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை டி.டி.எஸ். என்ற கணக்கில் அளக்கிறார்கள். குடிதண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை போகலாம் என்பது இந்திய தர அளவு. சாயக்கழிவை வெளியே விடுவதற்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வைத்த உச்ச அளவு 2,100. கடல் தண்ணீரில் இருப்பது சுமார் 35 ஆயிரம். மேலே சொன்ன டார்க் கலர் சாயத்தொட்டியில் இருப்பதோ 60 ஆயிரம். கடலை விட உப்பு அதிகம் என்பது குறிப்பிடத்தக்கது.

நொய்யல் பட்ட பாடு

கோவை வெள்ளியங்கிரி மலையில் உற்பத்தியாகும் நொய்யல் ஆறு, திருப்பூர் வழியாக ஓடி கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. 1980, 90களில் பனியன் ஏற்றுமதி வேகமாக வளர்ந்தபோது சாய, சலவைப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் பெருகின. கழிவு எல்லாம் ஓடை வழியாக நொய்யலில் இறங்கியது.

இந்த நிலையில் விவசாயத்துக்காக நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டு 1992ல் பயன்பாட்டுக்கு வந்தது. ஈரோடு, கரூர் மாவட்ட நிலங்களுக்கு தண்ணீர் கொடுப்பதற்கான அணை இது. ஆனால் சில வருடங்களிலேயே அதில் தேங்கியது சாயத்தண்ணீர்தான். பாசனத்துக்கு கட்டிய அணையில் தண்ணீரே தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது.

சுற்றுவட்டார கிணறுகளில் உப்பு ஏறியது. மஞ்சள், வாழை போட்ட பூமியில் எதுவும் முளைக்கவில்லை. தென்னை காய்ப்பு விழுந்தது. மாடு கூட கிணற்று தண்ணீரை குடிக்க மறுத்தது. 28 ஆயிரத்துக்கும் அதிகமான விவசாயிகள் பாதிக்கப்பட்டதாக சுற்றுச்சூழல் இழப்பீட்டு ஆணையம் 2004ல் கணக்கிட்டு நஷ்டஈடு நிர்ணயித்தது.

முதல் பில்டர் ஏன் தோற்றது?

அதுவரை சுத்திகரிப்பே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1990களின் பிற்பகுதியில் பல பட்டறைகள் சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையங்களை கட்டின. சுண்ணாம்பு, பெரஸ் சல்பேட் போட்டு கலக்குவார்கள். அழுக்கு திரண்டு அடியில் இறங்கும். மேலே தெளிந்த தண்ணீரை வெளியே விடுவார்கள்.

இதில் கலர் குறைந்தது. மண்டி நின்றது. ஆனால் உப்பு அப்படியே போனது. காரணம் சிம்பிள். காபியை வடிகட்டினால் தூள் நிற்கும், கரைந்த சர்க்கரை நிற்குமா? அதே மாதிரிதான். தண்ணீரில் கரைந்த உப்பை மணல் பில்டரும் பிடிக்காது, சுண்ணாம்பும் பிடிக்காது. பாக்டீரியா விட்டாலும் அது உப்பை தின்னாது. இதனால் பார்வைக்கு தெளிவாக போன தண்ணீரும் நிலத்தை கெடுத்தது.

கோர்ட்டு போட்ட பூட்டு

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சென்னை ஐகோர்ட்டில் வழக்கு போட்டனர். 2006 டிசம்பரில் முக்கியமான தீர்ப்பு வந்தது. 2007 ஜூலை 31-ந் தேதிக்குள் ஒரு சொட்டு கழிவும் வெளியேறாத முறைக்கு மாற வேண்டும், அதுவரை வெளியே விடும் தண்ணீருக்கு லிட்டர் கணக்கில் அபராதம் கட்ட வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டது. சாயப்பட்டறை தரப்பு சுப்ரீம் கோர்ட்டுக்கு போனது. 2009 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும் மூன்று மாதம் மட்டும் டைம் கொடுத்தது.

கெடு முடிந்தும் ஆற்றில் சாயம் ஓடியது நிற்கவில்லை. இதையடுத்து 2011 ஜனவரி 28-ந் தேதி எல்லா சாய, சலவைப்பட்டறைகளையும், பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. கரண்டு கட் செய்யப்பட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன.

சாயம் நின்றால் பனியனில் எல்லாமே நிற்கும். நிட்டிங் போட்ட துணி கலருக்காக காத்து கிடந்தது. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் வேலை குறைந்தது. துணியை லாரியில் ஏற்றி வெளியூருக்கும் வெளி மாநிலத்துக்கும் சாயம் போட அனுப்பினார்கள். வேலை இல்லாத தொழிலாளர்கள் சொந்த ஊருக்கு மூட்டை கட்டினார்கள். பக்கத்து மாவட்டங்களில் திருட்டுத்தனமாக பட்டறை போட்டு அங்கும் ஓடையில் சாயத்தை விட்ட சம்பவங்களும் நடந்தன.

இவ்வளவுக்கும் மூடும் முன்பே பல நிலையங்களில் ஆர்.ஓ. மெஷின் வந்து விட்டது. ஆனாலும் முடியவில்லை. ஏன் என்பது தெரிய வேண்டும் என்றால் ஆர்.ஓ. எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

உப்பு போட்ட மாங்காய் சொல்லும் பாடம்

நறுக்கிய மாங்காயில் உப்பு போட்டு வைத்தால் சிறிது நேரத்தில் தண்ணீர் விடும். உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் தானாக போகும் என்பது இயற்கை. இதை தலைகீழாக செய்வதுதான் ஆர்.ஓ. உப்புத்தண்ணீர் பக்கம் இருந்து பம்பு வைத்து பலமாக அழுத்தினால், மெல்லிய தோல் மாதிரி இருக்கும் மெம்பரேன் வழியாக தண்ணீர் மட்டும் இந்தப் பக்கம் வரும். உப்பில் பெரும்பகுதி அந்தப் பக்கமே நிற்கும்.

உப்பு எவ்வளவு அதிகமோ, அழுத்தமும் அவ்வளவு அதிகம் வேண்டும். கடல் தண்ணீர் அளவுக்கு உப்பு என்றால், கார் டயரில் அடிக்கும் காற்றை போல 25, 30 மடங்கு அழுத்தம் தேவை.

வீட்டில் ஆர்.ஓ. மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். நல்ல தண்ணீர் ஒரு டியூபில் வரும். இன்னொரு டியூபில் வேஸ்ட் தண்ணீர் சிங்குக்கு போகும். சாயப்பட்டறையிலும் இதே கதைதான். அந்த வேஸ்ட் தண்ணீரைத்தான் ரிஜெக்ட் என்கிறார்கள். வீட்டில் அதை சாக்கடையில் விட்டு விடலாம். இங்கே விட முடியாது. அந்த ரிஜெக்ட்டை என்ன செய்வது என்று தெரியாமல்தான் முதலில் மாட்டிக் கொண்டார்கள்.

சல்லடை பிறந்த கதை

திருப்பூர் பட்டறைகளுக்குள் வந்த இந்த மெம்பரேன் பிறந்த இடம் அமெரிக்கா. அங்கே கடல் தண்ணீரை குடிதண்ணீர் ஆக்குவதற்காக நடந்த ஆராய்ச்சியில்தான் இது உருவானது. 1960 வாக்கில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சவுரிராஜனும் சேர்ந்து, தொழிலுக்கு பயன்படும் அளவில் வேகமாக தண்ணீர் விடும் முதல் மெம்பரேனை செய்தார்கள்.

பிறகு ஜான் கேடோட் என்ற விஞ்ஞானி அதை விட பல மடங்கு மெல்லிய படலத்தை உருவாக்கினார். தடிமன் தலைமுடியில் சில நூறில் ஒரு பங்குதான். அவரும் கூட வேலை பார்த்த சிலரும் சேர்ந்து 1977ல் மின்னியாபொலிஸ் நகரில் பிலிம்டெக் என்ற சின்ன கம்பெனியை தொடங்கினார்கள். 1985ல் அதை டவ் கெமிக்கல் என்ற பெரிய நிறுவனம் வாங்கியது. 2019ல் இருந்து அது டூபாண்ட் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஜப்பானின் டோரே, நிட்டோ ஆகியவையும் இதே தொழிலில் பெரிய ஆட்கள். நம் நாட்டில் குஜராத் பாவ்நகரில் உள்ள மத்திய அரசு ஆராய்ச்சி நிலையமும் சொந்தமாக மெம்பரேன் உருவாக்கியது.

இந்த கம்பெனிகள் வளர்ந்ததற்கு ஒரு காரணம், மெம்பரேன் ஒரு முறை வாங்கி முடித்து விடும் பொருள் அல்ல என்பது. தண்ணீர் நல்லபடி இருந்தால் 3 முதல் 5 வருடம் வரும். முன்னால் இருக்கும் பில்டர்கள் சரியாக ஓடாவிட்டால் அதற்குள் அடைத்து விடும். பிறகு புதுசு வாங்கித்தான் ஆக வேண்டும். டயர் மாதிரி. வண்டி ஓடும் வரை டயர் கம்பெனிக்கு வியாபாரம்.

சுருட்டி வைத்த ஜமுக்காளம்

பெரிய பிளாண்டுகளில் போடும் ஒரு மெம்பரேன் உருளை 8 அங்குல அகலம், 40 அங்குல நீளம் இருக்கும். பவானி ஜமுக்காளத்தை சுருட்டி வைத்த மாதிரி உள்ளே அடுக்கடுக்காக சுற்றி இருப்பார்கள். அதை பிரித்து விரித்தால் சுமார் 400 சதுர அடி. இப்படி ஆறு, ஏழு உருளைகளை ஒரே குழாய்க்குள் வரிசையாக சொருகி, அந்த குழாய்களை ரேக்கில் அடுக்கி வைக்கிறார்கள்.

ஆனால் மெம்பரேன் மட்டும் இருந்தால் பிளாண்டு ஆகாது. பம்பு, தொட்டி, ஸ்டீல் பைப், வால்வு, பேனல் போர்டு, மணல் பில்டர், காற்று ஊதும் புளோயர், கசடை பிழிந்து கட்டியாக்கும் பில்டர் பிரஸ் எல்லாம் வேண்டும். பம்புக்கு பெயர் போன கோவை பக்கத்திலேயே இருந்தது வசதியாக போயிற்று. வெல்டர், பிட்டர், எலக்ட்ரீசியன் என்று இந்த பகுதி ஆட்களுக்கும் வேலை கிடைத்தது. வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஆலைகளுக்கும் இதே முறை வந்ததால் வடிகட்டும் தொழிலுக்கு மார்க்கெட் இன்னும் பெரிதானது.

600 யூனிட்டும் 4 யூனிட்டும்

பில்டர் எதற்கு, தண்ணீரை கொதிக்க வைத்தால் உப்பு தனியாக நின்று விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நிற்கும். ஆனால் 1,000 லிட்டர் தண்ணீரை சும்மா அண்டாவில் வைத்து முழுசாக ஆவியாக்க 600 யூனிட் கரண்டுக்கு மேல் சூடு தேவை. கடல் தண்ணீரில் இருந்து 1,000 லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க ஆர்.ஓ.வுக்கு 3, 4 யூனிட் போதும். இந்த வித்தியாசம்தான் பில்டர் தொழிலின் உயிர்.

அதனால்தான் முதலில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு தண்ணீரை ஆர்.ஓ.வில் எடுத்து விடுகிறார்கள். கடைசியில் மிஞ்சும் கெட்டி உப்புத்தண்ணீருக்கு மட்டும்தான் எவாப்பரேட்டர் அடுப்பு. அதிலும் முதல் தொட்டியில் வரும் ஆவியை வைத்தே அடுத்த தொட்டியை சூடாக்கி செலவை குறைக்கிறார்கள்.

மூடிய பட்டறைகளை திறக்க வழி கிடைத்ததும் இந்த இடத்தில்தான். ரிஜெக்ட் முழுவதையும் கொதிக்க வைக்க முயற்சி செய்தபோது எவாப்பரேட்டர் தாங்கவில்லை. 2011ல் அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் வேறு முறையை சோதித்தார்கள். ரிஜெக்ட்டில் இருப்பது உப்புத்தண்ணீர். சாயம் போட தேவைப்படுவதும் உப்புத்தண்ணீர். அப்படியென்றால் அதில் உள்ள கலரையும் கடினத்தன்மையையும் மட்டும் எடுத்து விட்டு, மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்பினால் என்ன? இந்த யோசனை கை கொடுத்தது. உப்பு வாங்கும் செலவும் குறைந்தது. பொது சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்த தமிழக அரசும் ரூ.200 கோடி வட்டி இல்லா கடன் அறிவித்தது. இதையடுத்து பட்டறைகள் ஒவ்வொரு கட்டமாக திறந்தன.

இப்போது தண்ணீர் போகும் பாதை இதுதான். பட்டறையில் இருந்து பைப் வழியாக வரும் கழிவை பெரிய தொட்டியில் சேர்த்து கலக்குகிறார்கள். பிறகு காற்று ஊதி பாக்டீரியாவை வளர்த்து அழுக்கை தின்ன விடுகிறார்கள். அடுத்து மணல் பில்டர், நுண் பில்டர். அதன் பிறகு ஆர்.ஓ. இரண்டு, மூன்று கட்டம். 10 லிட்டர் உள்ளே போனால் 9 லிட்டர் வரை நல்ல தண்ணீராக பட்டறைக்கே திரும்பி வருகிறது. ஆண்டுக்கு ரூ.30 ஆயிரம் கோடிக்கு மேல் பனியன் ஏற்றுமதி செய்யும் ஊர், போட்ட தண்ணீரையே திரும்ப திரும்ப போட்டு ஓடுகிறது.

மிஞ்சுவது எங்கே போகிறது?

இங்குதான் கவனிக்க வேண்டியது இருக்கிறது. பில்டர் எந்த கழிவையும் மாயமாக்குவது இல்லை. பிரித்து வைக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் ஒரு பக்கம், கசடு ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம்.

சாயத்துக்கு பயன்படும் உப்பு போக, பல உப்புகள் கலந்து எதற்கும் உதவாத ஒரு மீதி உண்டு. அதற்கு கலப்பு உப்பு என்று பெயர். பில்டர் பிரசில் பிழிந்த கசடு இன்னொன்று. கசடில் ஒரு பகுதியை சிமெண்ட் ஆலைகள் சூளையில் எரிக்க எடுத்துக் கொள்கின்றன. கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டுகளில் அடுக்கி வைக்கப்படுகிறது. மழைத்தண்ணீர் அதில் பட்டால், அத்தனை செலவு செய்து பிரித்த உப்பு மறுபடி மண்ணுக்கே போய் விடும். எனவே ஷெட்டின் கூரையும் தரையும் மெம்பரேன் அளவுக்கே முக்கியம்.

தொட்டியில் இறங்கும் உயிர்

கழிவு தொட்டிகளில் தேங்கும் மண்டியில் இருந்து விஷவாயு வரும். கண்ணுக்கு தெரியாது. வாசனை வைத்தும் நம்ப முடியாது, காரணம் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அதிகமாக இருந்தால் மூக்கே மரத்து விடும். சாய ஆலை தொட்டிகளை சுத்தம் செய்ய இறங்கியவர்கள் இறந்த சம்பவங்கள் திருப்பூரில் நடந்துள்ளன. மயங்கி விழுந்தவரை தூக்க இறங்குபவரும் சேர்ந்து சாவதுதான் இதில் பெரிய கொடுமை.

சூப்பர்வைசர் சொன்னார் என்று சும்மா இறங்கக் கூடாது. முதலில் வாயுவை மீட்டர் வைத்து டெஸ்ட் செய்ய வேண்டும். தொட்டிக்குள் காற்று அடிக்க வேண்டும். இடுப்பில் கயிறு, மேலே எந்நேரமும் ஆள் வேண்டும். ஒருவர் விழுந்தால் காற்று சிலிண்டரும் முகமூடியும் இல்லாமல் இன்னொருவர் இறங்கவே கூடாது. இதை எல்லாம் கேட்பது தொழிலாளியின் உரிமை.

ராத்திரி ஓடுகிறதா?

வடிகட்ட பணம் செலவாகும். ஓடையில் விட்டால் செலவு இல்லை. இந்த ஆசை இருக்கும் வரை திருட்டுத்தனமாக விடுபவர்களும் இருப்பார்கள். மழை பெய்யும் நேரம், நள்ளிரவு நேரம் பார்த்து சாயத்தை திறந்து விடுவதும், அதிகாரிகள் சீல் வைத்து கரண்டை கட் செய்வதும் இன்னும் நடக்கத்தான் செய்கிறது. அனுமதி இல்லாத சின்ன பட்டறைகள்தான் இதில் அதிகம் சிக்குகின்றன. ஒழுங்காக பில்டர் ஓட்டுகிற பட்டறைக்காரருக்கும் இதனால் நஷ்டம். அவர் கிலோவுக்கு கேட்கும் கூலியை விட திருட்டு பட்டறை குறைத்து கேட்கும்.

2011ல் பூட்டு விழுந்தபோது பாதிக்கப்பட்டது முதலாளி மட்டும் அல்ல. வாரக்கூலி வாங்கிய டெய்லரும், சுமை தூக்கியவரும், டீக்கடைக்காரரும்தான் முதலில் பட்டினி கிடந்தார்கள். கீழே நொய்யல் கரையில் விவசாயி ஏற்கனவே பட்டினியில் இருந்தார். ஒரே கழிவு இரண்டு பக்கமும் வயிற்றில் அடித்தது. பில்டர் ஒழுங்காக ஓடினால்தான் இந்த இரண்டு பேருக்கும் சோறு.

ஓடையிலோ, பாழுங்கிணற்றிலோ, சாக்கடையிலோ கலர் தண்ணீர் வந்தால் பொதுமக்கள் உடனே மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு சொல்லலாம். நேரத்தையும் இடத்தையும் குறித்து, செல்போனில் போட்டோ எடுத்து வைத்தால் அதிகாரிகளுக்கு ஆய்வு செய்ய உதவும். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். கிணற்று தண்ணீர் ருசி மாறினால் விவசாயிகள் டி.டி.எஸ். பார்த்து தேதியோடு எழுதி வைப்பது நல்லது. நாளைக்கு நஷ்டஈடு கேட்க வேண்டி வந்தால் அந்த கணக்கு கை கொடுக்கும்.